பன்னிரண்டு காலைகள்

திங்கள், புதன், வெள்ளி.
நான்கு வாரம்.
வெறும் வயிற்றோடு என்னைக் காரில் ஏற்றி
வென்டெல்தான் கூட்டிப்போனானாம்.
வழியெல்லாம் ஏரி உறைந்து கிடந்ததாம்.
திரும்பும்போது ஒவ்வொரு முறையும்
"இது யாருடைய கார்?" என்று கேட்டேனாம்.

சாக நினைத்தேனாம்.
நினைவில்லை.

கையெழுத்து என்னுடையதுதான்.
படிவத்தை நகலெடுத்துக் கொடுத்தார்கள்.
கைசா என்று எழுதும்போது
முதல் எழுத்தின் வால் கீழே இறங்கி
அடுத்த வரியைத் தொடும், எப்போதும்.
இதிலும் தொட்டிருக்கிறது:
'தற்காலிக மறதி ஏற்படலாம்.'

டுலூத் நகரத்து மேட்டுத் தெருக்களில்
பத்தொன்பது வருடம் கடிதம் போட்டவள் நான்.
அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
எந்தப் படியில் பனி முதலில் கண்ணாடியாகும்,
எந்த நாய்க்குச் சீருடை பிடிக்காது,
எல்லாம் காலுக்கே தெரியுமாம்.

மார்ச்சில் வேலைக்குத் திரும்பினேன்.
கடிதம் பிரிக்கும் அடுக்கின் முன் நின்றேன்.
எண்கள் இருந்தன. தெருக்கள் இல்லை.
கையில் ஒரு மின்கட்டண பில்,
யாரோ திருமதி ஹாக்கன்சனுக்கு.
தேடித் தேடி மூன்று மணிக்குக் கதவைத் தட்டி
அவள் பெயரை அவளிடமே கேட்டேன்.
அவள் புருஷன் செத்த அன்று
அவளுடைய சமையலறையில் உட்கார்ந்து
கூடவே அழுதேனாம்.
பில்லை வாங்கிக்கொண்டாள்.
கதவை மிக மெதுவாகச் சாத்தினாள்,
தூங்கும் குழந்தைக்குச் சாத்துவதுபோல.

டாக்டர் நல்லவர்.
"மூன்று சொல் சொல்கிறேன், பிறகு கேட்பேன்:
வாளி, எலுமிச்சை, தொப்பி."
கேட்டார். சொன்னேன்.
முப்பதுக்கு இருபத்தொன்பது.
"உங்களுக்கு ஒன்றும் போகவில்லை."
சிக்னி பிறந்த இரவு
அந்தத் தாளில் கேள்வியாக வரவில்லை.

ஆக, என்னிடம் இருப்பது
வாளி. எலுமிச்சை. தொப்பி.
சாகும்வரை மறக்காது போலிருக்கிறது.

சிரிக்கக் கற்றுக்கொண்டேன்.
கடையில் யாராவது கையசைத்தால்
முதலில் பல், பிறகு
"இந்த வருடம் குளிர் அதிகம், இல்லையா?"
இந்த ஊரில் அது எவருக்கும் பொருந்தும்.

வென்டெல் இரண்டு பேருக்குமாக நினைவு வைத்திருக்கிறான்.
களைத்துவிட்டால் சுருக்கிச் சொல்கிறான்.
எங்கள் தேனிலவு முதலில் நான்கு நாள் இருந்தது.
இப்போது ஒரு மழையும்
ஓட்டை விழுந்த ஒரு படகும்.
"உயிரோடு இருக்கிறாயே, கைசா" என்பான்.
இருக்கிறேன்.
அது பொய்யில்லை.
அது போதும் என்று அவனிடம் சொல்கிறேன்,
அது பாதிப் பொய்.

போன ஞாயிறு சிக்னி கேட்டாள்:
"அம்மா, நம் கறுப்புப் பூனை ஞாபகம் இருக்கா?
மிஸ்டர் பட்டன். பின்பக்கம் நீதானே புதைத்தாய்?"
ஒன்பது வயது முகம், துறுதுறுவென்று.
பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னேன்:
"ஆமாம், பாவம். நல்ல பூனை."
இன்னும் நிஜமாக இருக்கட்டும் என்று
"நிலம் அன்று கல்லாக இருந்தது" என்றும் சேர்த்தேன்.

அவள் சிரிக்கக் காத்திருந்தாள்.
வாய் திறந்தபடியே நின்றது.
"பூனையே இல்லைம்மா.
நமக்குப் பூனையே இருந்ததில்லை."
அப்புறம் அழுதாள். நான் ஈரத் துணியோடு
அவளைக் கட்டிக்கொண்டேன்.
அவள் முதுகு முழுக்க சோப்புத் தண்ணீர்.

அன்றிலிருந்து கவனிக்கிறேன்:
என்னிடம் எதையும் சொல்லுமுன்
ஒரு நொடி தயங்குகிறாள்.
கையில் கத்தியோ கண்ணாடியோ இருப்பதுபோல
வார்த்தையைப் பார்த்து நீட்டுகிறாள்.
அந்த மிஸ்டர் பட்டன் மட்டும்
எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.
இடது காது கொஞ்சம் கிழிந்திருக்கும்.

இன்று விடிகாலை நான்கு மணிக்கு
ஏரியில் பனிக்கட்டி உடைந்தது.
இரும்புப் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து
முதலில் ஒரு முனகல்,
பிறகு யாரோ தட்டுகளைப் போட்டு உடைப்பதுபோல.
வென்டெல் தூங்கினான். சிக்னி தூங்கினாள்.
வாசலில் நான் தனியாக நின்றேன்,
அவனுடைய பூட்ஸில்.
கேட்டேன்.
இடது காலுறை நனைந்துவிட்டது.